உள்ளம் சொன்னதும் ஏடு சொன்னதும்

ஆனி பிறந்து மேற்கு மலையில் சாரல் இறங்கிவிட்டால், தென்காசிப் பகுதியில் பங்குப் பணி ஆற்றுகிற நம்மைப் போன்றோருக்கு விருந்தினர் வருகையும் தொடங்கிவிடும். குருமடத் தோழர்கள், உறவினர், முன்னைய பங்கின் மக்கள் என்று யாரேனும் வந்து, 'சாமி, குற்றாலத்துக்குப் போவோமா?' என்பார்கள். அவ்வாறு அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். வெளியூரார் அருவிக்கு முதுகைக் கொடுத்து நின்று தம்மை மறந்துவிடுகிறார்கள். உள்ளூர் மனிதரோ குளிக்கும்போதும் ஒரு காதை மலைமேல் வைத்திருக்கிறார். நீரின் நிறம் சற்றே கலங்கினால், இரைச்சலின் கனம் மாறினால், சருகும் சுள்ளியும் விழத் தொடங்கினால், அவர் காரணம் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார். ஏன் என்று கேட்டால், 'மனசுக்குச் சரியாப் படலை, சாமி' என்பதே விடை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோன பின்னர், இந்த 'மனசுக்குப் படுதல்' என்பதைப் பற்றி நாம் இலேசாகப் பேசுவதில்லை.

உள்ளுணர்வு என்ற சொல் இன்று எல்லார் நாவிலும் புழங்குகிறது. செபக்கூட்டத்திலும் கேட்கிறோம், கடைத்தெருவிலும் கேட்கிறோம், பெண் பார்க்கப் போன இடத்திலும் கேட்கிறோம். மேலைநாட்டார் இதற்கு வழங்கும் சொல்லின் இலத்தீன் வேருக்கு, உற்று நோக்குதல் என்பதே பொருள். இடையில் எதுவும் நில்லாமல் பொருளை நேரே காண்பது அது. வானதூதர்கள் ஒரே நோக்கில் அறிகிறார்கள், மனிதரோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து நடந்தே அறிகிறார்கள் என்று புனித தோமா அக்குவினாஸ் பிரித்துக் காட்டுவார். குருமடத்து மெய்யியல் வகுப்பில் இதைப் படித்தபோது, நடக்கச் சோம்பல்பட்ட நாம் அனைவரும் வானதூதர் கட்சியில் சேர விரும்பினோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தோமா மனிதருக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்தார். கற்பு நெறி பற்றி இருவகையினர் சரியாகத் தீர்ப்பிடலாம் என்கிறார் அவர். அறநூலைக் கற்றவர் ஆராய்ந்து தீர்ப்பிடுவார். கற்பைத் தம் இயல்பாகவே ஆக்கிக்கொண்டவர், அப்பொருளோடு தமக்குள்ள உறவினாலேயே அறிந்துகொள்வார். மலைநீரோடு பிறந்து வளர்ந்தவர் நீரை அறிவதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே.

இவ்வகை அறிவைத் தமிழ் இலக்கியத்தில் ஒரு வாழ்நாள் முழுவதும் வாழ்ந்து காட்டியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். 1882-இல் பிறந்தார். சட்டம் பயின்றும் வழக்குமன்றம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கியச் சபை நெல்லைச் சீமையின் பெருமைகளுள் ஒன்று. பின்னாளில் அவர் குற்றாலத்துக்கே குடிவந்தார். இராஜாஜி, கல்கி, கவிமணி போன்றோரின் நட்பும், வருவோர்க்கெல்லாம் விருந்தும் கவிதையும் ஒருசேரப் பரிமாறிய அவருடைய திண்ணையும் இன்றும் பெரியவர்கள் பேசுகிற செய்திகள். 1954 பிப்ரவரி 16 அன்று மறைந்தார்.

அவர் செய்தது என்ன? பாட்டை வாய்விட்டுப் பாடச் செய்தார். ஒருமுறையோடு விடாமல் மீண்டும் மீண்டும் பாடச் செய்தார். சந்திகளைப் பிரித்து, சொல் தனித்தனியே கண்ணில் படும்படி அச்சிட்டார். இலக்கணக் குறிப்பும் அரும்பொருள் அகராதியும் பாட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த காலத்தில், அவற்றைச் சற்றே இறக்கி வைத்துவிட்டு, பாட்டின் உணர்ச்சியும் உருவமும் நம் உள்ளத்தில் நேரே வந்து தைக்க வேண்டும் என்றார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை முடிக்குமிடத்தில், கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரும் உணர்வு படைத்தவர்க்கன்றிப் பிறர்க்கு இந்த நுட்பம் எட்டாது என்னும் கருத்தைச் சொல்லிச் செல்கிறார். டி.கே.சி.யின் நெறி அந்தப் பழைய மரபிலிருந்து விலகியதன்று. இலங்கைப் பேராசிரியர் கைலாசபதி போன்றோர் இந்த ரசனை முறையைப் பின்னாளில் கடுமையாக மறுத்தார்கள். கவிதையின் காலமும் சமூகமும் இதில் காணாமற் போகின்றன என்ற அவர்கள் குறையில் நியாயம் உண்டு. எனினும், தமிழ்க் கவிதையைப் பள்ளிக்கூடத்துப் பயத்திலிருந்து மீட்டு, பொதுமக்கள் அனுபவிக்கும் பொருளாக்கியவர்களுள் அவரை முன்வரிசையில் வைப்பதற்கு நமக்குத் தயக்கம் இல்லை. மறையுரைக்காகக் கம்பனை எடுத்த நாம், கம்பனுக்காகவே கம்பனைப் படிக்கக் கற்றது அவரிடமே.

இனித் தகராறுக்கு வருவோம்.

கம்பராமாயணம் என்று நம் கைக்கு வந்துள்ளவை பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அவற்றில் பிறர் பாடிச் சேர்த்தவை உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பாரின் பெயரோடு சார்த்தி, இத்தகைய செருகல்களை 'வெள்ளிபாடல்' என்று அழைக்கும் வழக்கமே தமிழில் இருக்கிறது. ஆனால் எது வெள்ளி, எது கம்பன் என்று எப்படிக் காண்பது? டி.கே.சி. தம் காதையும் இதயத்தையும் உரைகல்லாகக் கொண்டார். கம்பன் இப்படிப் பாடியிருக்கமாட்டான் என்று அவர் உள்ளம் சொன்னால் அப்பாட்டு விலக்கப்பட்டது. சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். 'கம்பர் தரும் ராமாயணம்' என்று அவர் மூன்று பகுதிகளாகத் தந்த நூலில் முழுக் காவியத்தின் ஒரு சிறு பங்கே நிற்கிறது. விடுபட்டவை அனைத்தையும் போலி என்று அவர் கருதினார் என்று சொல்வது முறையன்று. விரும்பித் தெரிந்தெடுத்தலும் அதில் உண்டு. ஆயினும் ஏராளமான பாடல்கள் கம்பனுடையவை அல்ல என்பதே அவருடைய உறுதியான கொள்கை.

அதே நெல்லைச் சீமையில், அதே தலைமுறையில், அவரைப் போலவே சட்டம் பயின்ற மற்றொருவர் இருந்தார். பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை (1891–1956). 1926 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தவர். 1940-இல் வெளிவந்த சங்க இலக்கியச் சமாஜப் பதிப்பைத் தந்தவர். அவருக்கு ஏடே சாட்சி. ஒன்றுக்கு நான்காக ஏடுகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, எந்தப் பாடம் எத்தனை ஏட்டில் நிற்கிறது என்று காட்டிய பிறகே வாய் திறப்பார். ஒருவர் உள்ளத்தைக் கேட்டார், மற்றவர் ஏட்டைக் கேட்டார். நம் இளமையில் நாம் முதலாமவர் பக்கம் நின்று, இரண்டாமவரை ஈரமற்றவர் என்று எண்ணினோம். அவ்வாறு எண்ணியது பிழை என்பதை மெல்ல மெல்லத்தான் உணர்ந்தோம்.

இந்த வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இயேசு சபைத் துறவி ஜான் ஆர்துவான் (1646–1729) பிரான்சு நாட்டின் பேரறிஞருள் ஒருவர். பிளினியின் 'இயற்கை வரலாறு' நூலைப் பதிப்பித்துப் புகழ் பெற்றவர். அவருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது: வர்ஜிலின் பெருங்காப்பியமும் ஓராசின் இசைப்பாக்களும் லிவி, தாசித்து ஆகியோரின் வரலாறுகளும் பழையவை அல்ல, 13-ஆம் நூற்றாண்டுத் துறவிகள் புனைந்தவை என்று. வர்ஜிலின் வேளாண்மைப் பாட்டையும் பிளினியையும் வேறு சிலரையும் போனால் போகிறதென்று விட்டுவைத்தார்! கல்வியில் அவருக்குக் குறைவில்லை. நம்மில் எவரைக் காட்டிலும் அதிகமாக அந்நூல்களைப் படித்தவர்.

இவரை நமக்கு அறிமுகப்படுத்தியது கர்தினால் நியூமன். 1870-இல் அவர் வெளியிட்ட 'இசைவின் இலக்கணம்' என்னும் பொருள்படும் நூலில் ஆர்துவானின் கதை வருகிறது. அந்நூல்கள் போலி அல்ல என்பதை நாம் தருக்கத்தால் நிறுவிவிட்டு நம்புவதில்லை என்கிறார் நியூமன். சிறுசிறு சான்றுகள் பல, தனித்தனியே எடுத்தால் எதையும் நிறுவாதவை, ஒன்றாகத் திரண்டு நம் மனத்தை ஓர் உறுதிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நாளை மழை வருமா என்று சொல்லத் தெரிந்த, ஆனால் காரணம் சொல்லத் தெரியாத குடியானவரை அவர் எடுத்துக்காட்டுகிறார். நம் அருவிக்கரை மனிதர் அவருக்குத் தம்பி முறை. எனினும் நியூமன் ஒரு வேலியும் இட்டார். இந்தத் தீர்ப்புத் திறன் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே பயின்று வருவது, ஒரு துறையில் கூர்மையாக இருப்பவர் அடுத்த துறையில் மழுங்கியிருக்கக் கூடும் என்பதே அந்த வேலி. 2019-இல் புனிதராகவும் 2025-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பெற்ற அவரை நம்மவர் இன்னும் போதிய அளவு படிக்கவில்லை என்பது நம் குறை.

அண்மைக்கால உளவியலார் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் கேரி கிளைன் தீயணைப்பு வீரர்களிடையே பழகியவர். ஒரு வீட்டில் தீயை அணைத்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர் ஏதோ சரியில்லை என்று தோன்றவே தம் ஆட்களை வெளியேற்றினார். சற்று நேரத்தில் அவர்கள் நின்ற தளமே சரிந்தது. தீ உண்மையில் நிலவறையில் இருந்தது. அவர் அதைத் தம்முடைய ஆறாம் அறிவு என்றே நம்பினார். கிளைன் பொறுமையாகக் கேட்டபோது குறிகள் வெளிவந்தன: நீருக்கு அத்தீ அடங்கவில்லை, அறையின் சூடு மிகுதி, ஓசையோ குறைவு. இதற்கு நேரெதிராக, டேனியல் கானமன் என்னும் அறிஞர் உள்ளுணர்வின் தவறுகளையே வாழ்நாளெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவர். இவ்விருவரும் எதிரிகளாகத் தொடங்கி, 2009-இல் ஒரே கட்டுரையில் இணைந்து ஒரு முடிவைச் சொன்னார்கள். உள்ளுணர்வை நம்பலாம், ஆனால் அதற்கு இரண்டு வேண்டும். அத்துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். மேலும், பயில்பவர் தாம் தவறிய இடம் இன்னதென்று உடனுக்குடன் அறிந்துகொள்ளும் வாய்ப்பும் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்து ரசிகமணியைப் பார்ப்போம். முதல் நிபந்தனை அவருக்கு உண்டு. கம்பனின் விருத்தத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதில் ஊறிய காதுக்கு வேற்றுக் கை புகுந்தால் தட்டுப்படத்தான் செய்யும். இரண்டாவது நிபந்தனையில்தான் அவர் நெறி தடுமாறுகிறது. குற்றாலத்துக்காரர் தவறாகக் கணித்தால் அருவி அன்றைக்கே சொல்லிவிடும். டி.கே.சி. ஒரு நல்ல பாட்டைத் தவறாகத் தள்ளியிருந்தால் அவருக்கு யார் சொல்வார்? கம்பன் எழுந்து வரப்போவதில்லை. சொல்லக்கூடியவை ஏடுகள் மட்டுமே, அவற்றின் சாட்சியத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை. நண்பர் குழாமோ அன்பு மிக்கது, அந்த அன்பில் மறுப்புக்கு இடம் குறைவு. தள்ளப்பட்ட பாட்டு நூலை விட்டே வெளியேறிவிடுகிறது. அந்நூலை மட்டும் கையில் வைத்திருக்கும் வாசகர் அப்பாட்டைச் சந்திக்கப்போவதே இல்லை. எனவே மறுப்பு எந்தத் திசையிலிருந்தும் வராது. மறுப்பு வராத உள்ளம் தன்னை மேலும் மேலும் கூரியது என்று நம்பத் தொடங்கும். இன்னொன்றும் உண்டு. கம்பன் சிறந்ததையே பாடினான் என்பது அவர் துணிபு. அவ்வாறாயின் சிறவாதது கம்பனுடையதன்று. ஆனால் பெருங்கவிஞனும் பதினாயிரம் பாட்டில் சில இடங்களில் களைத்திருக்க மாட்டானா? சுவையை அறியும் நாவும் உரிமையை அறியும் நாவும் ஒன்றல்ல. முன்னதில் ரசிகமணி ஈடில்லாதவர், பின்னது வேறு துறை. நியூமனின் வேலி இங்கேதான் குறுக்கே நிற்கிறது.

இவ்வளவு உறுதியாகப் பேச நமக்குத் தகுதி எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். வெட்கத்தோடு சொல்கிறோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு பங்கில் இருந்தபோது, ஓர் இளைஞர் குருமடத்தில் சேரப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தார். ஒழுங்காகத் திருப்பலிக்கு வருபவர், பீடச் சிறுவர்களை வழிநடத்தியவர். எனினும் நம் உள்ளத்துக்கு ஏதோ நெருடியது. கேள்வி கேட்டால் உடனே விடை வராது. நம் கண்ணைப் பாராமல் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சில வேளைகளில் கேட்டதற்குத் தொடர்பில்லாத விடை சொல்வார். எதையோ மறைக்கிறார் என்று நம் உள்ளுணர்வு சொல்லிற்று. அந்நாட்களில் நம் உள்ளுணர்வைப் பற்றி நமக்கே பெருமை இருந்தது. 'இன்னும் ஓராண்டு பார்ப்போம், தம்பி' என்று அனுப்பிவிட்டோம். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறு ஆண்டு அவர் வரவில்லை.

ஆறேழு ஆண்டுகள் கழித்துத் தென்காசிப் பேருந்து நிலையத்தில் அவரே நம்மைக் கண்டுகொண்டு தோத்திரம் சொன்னார். துணிக்கடையில் வேலை, மணமாகி ஒரு குழந்தை. பேருந்துகளின் இரைச்சலில் நாம் ஏதோ விசாரித்தோம். அவர் நம் தோளைத் தொட்டு மறுபக்கம் நிறுத்திவிட்டு, 'இந்தப் பக்கமா நின்னு பேசுங்க சாமி, அந்தக் காது சின்ன வயசிலேயே போயிட்டு' என்றார். குறை சொல்லும் குரலில்லை, மிக இயல்பாகச் சொன்னார். நமக்குத்தான் அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை.

நாம் கண்ட குறிகள் பொய்யல்ல. தாமதமான விடையும் வாயைப் பார்த்த பார்வையும் உண்மையாகவே இருந்தன. அவற்றின் பொருளைத்தான் நம் உள்ளம் தவறாக வாசித்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைவிட நம்மை வருத்துவது வேறு. நாம் பரிந்துரைத்த இளைஞர்கள் நல்ல குருக்களாக வந்தபோதெல்லாம் நம் கணிப்பை நாமே மெச்சிக்கொண்டோம். திருப்பி அனுப்பியவர்கள் எப்படி வந்திருப்பார்கள் என்பதை அறிய வழியே இல்லை. ரசிகமணியின் நூலிலிருந்து வெளியேறிய பாடல்களைப் போலவே அவர்களும் நம் ஏட்டிலிருந்து வெளியேறிவிட்டார்கள். இவர் ஒருவர் தற்செயலாகப் பேருந்து நிலையத்தில் நின்றார். எஞ்சியோர்?

அதன் பிறகு முதலாம் சாமுவேல் நூலின் 16-ஆம் அதிகாரத்தை நாம் வேறு விதமாகப் படிக்கிறோம். ஈசாயின் மூத்த மகன் எலியாபைக் கண்டவுடன், ஆண்டவர் தெரிந்துகொண்டவர் இவரே என்று சாமுவேலுக்குத் தோன்றுகிறது. அவர் சாதாரண மனிதரல்லர், சிறுவயதிலேயே ஆண்டவரின் குரலைக் கேட்டுப் பழகியவர். அவர் உள்ளுணர்வே தவறுகிறது, அங்கேயே திருத்தப்படுகிறது. நாத்தானின் செய்தியும் அத்தகையதே. ஆலயம் எழுப்ப விரும்பிய தாவீதிடம், மனத்தில் உள்ளதைச் செய்யும் என்று நாத்தான் உடனே சொல்லிவிட்டு, அன்றிரவே கிடைத்த வாக்கால் மறுநாள் தம் சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இறைவாக்கினர் இருவரும் திருத்தத்துக்குக் காது கொடுத்தார்கள். புனித இஞ்ஞாசியார் உள்ளத்து அசைவுகளை அவ்வளவு உயர்வாக மதித்தும், அவற்றை ஆன்ம வழிகாட்டியிடம் திறந்து காட்டிச் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதன் காரணமும் நமக்கு அந்தப் பேருந்து நிலையத்தில்தான் விளங்கிற்று. 'ஆவியானவர் எனக்குச் சொன்னார்' என்று தொடங்கி, எந்தக் கேள்விக்கும் இடம் கொடாமல் குடும்பங்களின் திருமணத்தையும் வீடு விற்றலையும் முடிவு செய்கிற சில செபக்குழுத் தலைவர்களைப் பற்றி நம் மக்கள் நம்மிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அதைப் பற்றி வேறொரு முறை எழுத வேண்டும்.

குற்றாலக் குறவஞ்சியின் குறத்தி இவர்களைக் காட்டிலும் தேர்ந்தவள். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் படைத்த அந்தச் சிங்கி, வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். கையைப் பார்ப்பதாகப் பெயர்தான். அவள் பார்ப்பதெல்லாம் அந்தப் பெண்ணின் முகத்தை என்றே நமக்குத் தோன்றுகிறது. சொல்லச் சொல்ல எதிரே நிற்பவளின் நாணமும் கோபமும் அவளுக்கு விடை தந்துகொண்டே இருக்கின்றன. வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பைப் பொருட்பாலில் ஒருமுறையும் இன்பத்துப்பாலில் ஒருமுறையும் வைத்ததை எண்ணிப் பார்த்தால், அரசவைக்கும் காதலுக்கும் பொதுவான இந்தக் கலை எதிரே இருப்பவரை உற்றுப் பார்ப்பதால் வருவது என்பது புலப்படும்.

உள்ளத்தையும் ஏட்டையும் ஒரே ஆள் கேட்க முடியாதா என்றால், முடியும் என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையே சான்று. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது அவர் தமிழில் ஊறித் திளைத்தவர். தமக்குத் தோன்றிய பொருளை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சமணக் கொள்கை தமக்குத் தெரியாதது என்பதை அறிந்து, கும்பகோணத்துச் சமணர்களின் இல்லம் தேடிச் சென்று அவர்களிடம் பாடம் கேட்டார். 1887-இல் அந்நூல் வெளிவந்தது. சைவக் குடும்பத்தில் பிறந்த புலவர், பிற சமயத்தாரின் வீட்டுத் திண்ணையில் மாணவராக அமர்ந்த அந்தக் காட்சி நமக்கு எப்போதும் மிக உகந்தது.

ரசிகமணியை நாம் விட்டுவிடவில்லை. சென்ற சாரல் காலத்திலும் நம் அறை மேசைமேல் அவர் நூல் இருந்தது. பக்கத்தில் 1958-இல் எஸ். ராஜம் வெளியிட்ட கம்பராமாயணப் பதிப்பு. சொற்களைப் பிரித்து அச்சிடும் முறையில் அதுவும் எளிய வாசகரை மறக்காத பதிப்புதான். மாலையில் பங்கு இளைஞர் சிலர் வருவார்கள். முதலில் டி.கே.சி. தந்த பாடல்களை அவர் சொன்னபடியே வாய்விட்டுப் பாடுவோம். பிறகு மற்ற நூலைத் திறந்து, அவர் விட்டுச் சென்ற பாடல்களையும் ஒவ்வொன்றாகப் படிப்போம். பல இடங்களில் அவர் காதுதான் சரி என்று அனைவரும் ஒத்துக்கொள்கிறோம். சில இடங்களில் ஒருவர் எழுந்து, 'சாமி, இந்தப் பாட்டை எதுக்கு விட்டாங்க?' என்று கேட்கிறார். அந்தப் பாட்டை இன்னொரு முறை பாடச் சொல்கிறோம்.